பழைய விளையாட்டும் புதிய திருத்தங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

      

இவ்வாண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். திருக்குறளைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் பேச வல்ல புலவர் பெருமக்கள் இம்மேடையில் எனக்கு முன்னும் பின்னும் வீற்றிருக்கின்றார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் நான் அவர்களுடைய எல்லைக்குள் புகுவது முறையன்று. ஆதலின் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசத் துணிந்தேன். பழைய கணினி விளையாட்டு ஒன்றுக்கு 'மாட்' எனப்படுவனவற்றைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் முறையே அப்பொருள்.

மாட் என்றவுடன் முன்வரிசையில் பாட்டிமார் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். கால்நடை வளர்ப்பைப் பற்றி நான் பேச வரவில்லை. மாடிஃபிகேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்ட பெயர் அது. ஒரு விளையாட்டைச் செய்தவர்கள் அதனை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போன பின்னர், ஆடுபவர்களே அதில் செய்யும் திருத்தம், கூட்டல், மாற்றம் ஆகிய யாவற்றிற்கும் அஃதொன்றே பெயர். நான் இனி அதனைத் திருத்தம் என்றே அழைக்கப் போகின்றேன். நமக்குப் பழகிய சொல், நாவுக்கும் எளிது.

இதனை மேடையேற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலனிப் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் என் வீட்டுக்கு வந்து, "மாமா, இந்தப் பழைய கேமுக்கு என்னென்ன மாட் போட வேண்டும்? பட்டியல் தாருங்கள்" என்று கேட்கின்றனர். "நீ ஒருமுறையாவது ஆடிப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டால், "இல்லை மாமா, எல்லா மாட்டும் போட்ட பிறகுதான் ஆடவேண்டும்" என்று பதில் வருகின்றது. நோயாளியைக் காணாமலே மருந்து கலக்கும் வைத்தியரை நாம் ஒப்புவதில்லை. ஆனால் இவ்விஷயத்தில் அதுவே எங்கும் வழக்கமாகி நிற்கின்றது. நூறு திருத்தங்களைக் குவித்து, மூன்று நாள் அதனோடு மல்லுக்கட்டி, நான்காம் நாள் விளையாட்டையே அழித்துவிட்டுப் போகும் பிள்ளைகள் பலர். அவர்கள் கடைசி வரையில் அந்த விளையாட்டைக் கண்டதேயில்லை.

பொதுவாகப் பேசினால் பயனில்லை. ஆகவே ஒரே விளையாட்டை எடுத்துக்கொள்கின்றேன். அதன் பெயர் மாரோவிண்ட். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் வரிசையில் மூன்றாவது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரைச் சேர்ந்த பெதெஸ்டா நிறுவனத்தார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதே ஆண்டில் டிரைப்யூனல் என்றும், 2003இல் பிளட்மூன் என்றும் இரண்டு துணைப் பகுதிகள் வந்தன. இது வேடமேற்று ஆடும் விளையாட்டு. தெருக்கூத்தில் ஒருவன் வேடங்கட்டியபின் அர்ச்சுனனாகவே நடமாடுவதுபோல, இங்கே நாம் நமக்கென ஒரு பெயர், ஓர் இனம், ஒரு தொழில் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வாழ்ந்து காட்ட வேண்டும்.

கதை மிக எளிமையாகத் தொடங்குகின்றது. விடுதலை செய்யப்பட்ட ஒரு கைதி, வார்டன்ஃபெல் என்னும் தீவில், சேடா நீன் என்னும் சிறு துறைமுக ஊரில் கப்பலிலிருந்து இறக்கிவிடப்படுகின்றான். கையில் சிறிது பணமும் ஒரு கடிதமும் கொடுத்து, பால்மோரா என்னும் ஊருக்குப் போய்க் கையஸ் கொசேடஸ் என்பவரைக் காண் என்று சொல்லிவிடுகின்றார்கள். அவ்வளவுதான். வானத்தில் அம்புக்குறி தோன்றி வழி காட்டாது. பால்மோரா எங்கே என்று ஊராரைக் கேட்க வேண்டும். ஊரில் இறங்கியபின் அந்த ஆள் வீடு எங்கே என்று மீண்டும் விசாரிக்க வேண்டும். ஆற்றைக் கடந்து பாலம் தாண்டி, வழிகாட்டிப் பலகையைப் படித்து இடப்புறம் திரும்பு என்றுதான் மனிதர்கள் வழி சொல்கின்றார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் ஆலமரத்தைத் தாண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம் என்று சொல்வதில்லையா? அதே முறைதான்.

ரயில்வே ஊழியனாகிய என்னை இவ்விளையாட்டு முதன்முதலில் கவர்ந்தது அதன் போக்குவரத்து ஏற்பாட்டினால்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. சில்ட் ஸ்ட்ரைடர் என்று ஒரு பெரும் பூச்சி. தென்னைமரத்தைவிட உயர்ந்த கால்கள். அதன் முதுகு ஓட்டுக்குள் பயணிகள் அமர, பாகன் ஒருவன் ஓட்டிச் செல்வான். சேடா நீனிலிருந்து அது பால்மோரா, விவெக், சூரான், நிசிஸ் ஆகிய நான்கு ஊர்களுக்கு மட்டுமே போகும். ஆல்ட்ரூன் போக வேண்டுமானால் பால்மோராவில் இறங்கி மாறவேண்டும். கிழக்குக் கோடியிலுள்ள சாட்ரித் மோராவுக்குப் போகவேண்டுமா? விவெக் வரையில் பூச்சி. அங்கிருந்து எபன்ஹார்ட்டுக்குப் படகு. எபன்ஹார்ட்டிலிருந்து மற்றொரு கப்பல். இவை தவிர மந்திரவாதிகள் சங்கத்தார் தம் கிளைகளுக்கிடையே ஆளை நொடியில் அனுப்பிவைப்பார்கள். ஓரிடத்தில் குறியிட்டு வைத்து, எங்கிருந்தாலும் அங்குத் திரும்பிவரும் மந்திரமும் உண்டு. அருகிலுள்ள கோயிலுக்கே கொண்டுபோய்விடும் மந்திரமும் உண்டு. இவற்றையெல்லாம் மனத்தில் பதித்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எவ்வழி குறுக்குவழி என்று கணக்கிட்டு, ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் நாம் இணைப்பு வண்டி தேடுவதுபோலத் தேடிப் போவது இருக்கின்றதே, அதில் ஓர் ஆனந்தம் உண்டு. சிலகாலம் ஆடியபின் அத்தீவு நமக்குச் சொந்த ஊராகிவிடுகின்றது. சொந்த ஊரைவிட்டு எத்தனையோ மைல் தள்ளி வந்து, இங்குள்ள தெருக்களையும் பாஷையையும் விசாரித்து விசாரித்தே கற்றுக்கொண்ட நம் போன்றவர்களுக்கு இந்தச் சுகம் புரியாததன்று.

இனித் திருத்தங்களுக்கு வருவோம். நினைத்த மாத்திரத்தில் வரைபடத்தில் தொட்ட ஊருக்குப் போய்விடும்படிச் செய்யும் திருத்தம் உண்டு. போகவேண்டிய இடத்தை அம்புக்குறியிட்டுக் காட்டும் திருத்தமும் உண்டு. அதே நிறுவனத்தார் 2006இல் வெளியிட்ட அப்ளிவியன் என்னும் அடுத்த விளையாட்டில் இவ்விரு வசதிகளையும் தாமே சேர்த்துவிட்டனர். அதில் பழகிய பிள்ளைகள் இங்கும் அதையே தேடுவது இயல்பு. ஆனால் மாரோவிண்டில் மனிதர்களின் பேச்சு, வழிகாட்டிப் பலகை, பூச்சி, படகு, மந்திரம் என யாவும் நாம் வழிதேடி நடப்போம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. அம்புக்குறியை நாட்டியவுடன் அவ்வளவும் வீணாகின்றன. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டிய தேவையில்லை. எஞ்சுவது அம்பின் பின்னால் ஓடுவது மட்டுமே.

எனினும் வழிகாட்டலில் தொட வேண்டியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூல விளையாட்டில் சில பாத்திரங்கள் சொல்லும் வழியே தவறு. கிழக்கு என்று சொல்ல வேண்டியவிடத்தில் மேற்கு என்று எழுதிவிட்டிருக்கின்றார்கள். எழுதியவர் கைப்பிழை அது. அதனைத் திருத்துவது நியாயம். கால அட்டவணையில் அச்சுப்பிழை நேர்ந்தால் திருத்தி வெளியிடுகின்றோம். பிழை நேர்ந்தது என்பதற்காக அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒவ்வொரு பயணியையும் தோளில் சுமந்து கொண்டுபோய் விடுவதில்லை. ஒரு திருத்தம் கைக்கு வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: செய்தவர் நினைத்துச் செய்ய முடியாமற் போனதை இது நிறைவேற்றுகின்றதா, அல்லது அவர் நினைத்துச் செய்ததையே இது அழிக்கின்றதா?

மற்றோர் உதாரணம் சண்டை. மாரோவிண்டில் புதிதாக ஆடுகின்றவர் யாவரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: வாள் எதிரியின் உடம்பில் பட்டது கண்ணுக்குத் தெரிகின்றது, ஆயினும் அடி விழவில்லை என்பது. காரணம் யாதெனில், ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே பகடை உருட்டப்படுகின்றது. அந்த ஆயுதத்தில் நமக்குள்ள தேர்ச்சி, உடலின் சுறுசுறுப்பு, அதிருஷ்டம், களைப்பு ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே அடி விழுமா விழாதா என்று தீர்மானிக்கின்றன. பிள்ளைகள் என்ன செய்கின்றனர்? கத்தியில் பயிற்சியில்லாத வேடத்தைத் தெரிந்துகொண்டு, கையில் கிடைத்த கத்தியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் ஓடிச்சென்று, மூச்சிரைக்க நின்று சண்டையிடுகின்றனர். ஓட்டம் களைப்பைத் தரும். களைத்தவன் அடி தவறும். உடனே, எல்லா அடியும் விழச் செய்யும் திருத்தத்தைத் தேடி ஓடுகின்றனர். அதைப் போட்டால் தேர்ச்சி என்பதற்கே மதிப்பில்லாமற் போகும். தன் வேடத்திற்குரிய ஆயுதத்தை எடுத்து, பகைவனைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடந்துசென்றால், இந்நோய்க்கு மருந்தே வேண்டாம். திருத்தம் வேண்டுமென்று நாம் நினைக்கும் இடங்களில் பல, விளையாட்டின் விதியைப் படித்தால் தீர்ந்துபோகும் இடங்களே.

அவ்வாறாயின் எவற்றைத்தான் போடலாம் என்று கேட்பீர்கள். முதலாவது, பிழை நீக்குபவை. பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ் என்று ஒன்று இருக்கின்றது. தூய்மை விரும்பிகளுக்கான ஒட்டு என்று பொருள் கொள்ளலாம். எழுத்துப் பிழை, காற்றில் மிதக்கும் பாத்திரபண்டம், முடிக்க இயலாமல் நின்றுபோகும் காரியம் ஆகியவற்றைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்வதே அதன் கொள்கை. ஆட்டத்தின் போக்கை மாற்றுவதில்லை. அது பெயருக்கேற்றபடி நடந்துகொள்கின்றது. அடுத்து மாரோவிண்ட் கோட் பேட்ச். இது விளையாட்டின் இயந்திரத்திலேயே உள்ள பழுதுகளை நீக்குவது. இதில் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனிக் கட்டமாக, விளக்கத்தோடு காட்டப்பட்டிருக்கும். சில கட்டங்கள் பழுது நீக்குபவை. சில ஆட்டவிதியையே மாற்றுபவை. ஒவ்வொன்றையும் படித்தே குறியிட வேண்டும். ஓட்டுச் சீட்டில்கூட நாம் இவ்வளவு நிதானம் காட்டுவதில்லை என்று தலைவர் அவர்கள் சிரிக்கின்றார்கள்.

மூன்றாவது, எம்.ஜி.இ. எக்ஸ்.இ. என்பது. பெயரைக் கேட்டு யாரும் விசிலடிக்க வேண்டாம்! அது சினிமா சம்பந்தமானதன்று. 2002ஆம் ஆண்டின் கணினிகள் நெடுந்தூரத்தைக் காட்டும் வலுவற்றவை. ஆகவே சிறிது தொலைவுக்கு அப்பால் யாவற்றையும் மூடுபனியால் மறைத்துவிட்டார்கள். இந்த எம்.ஜி.இ. அந்தத் திரையை விலக்கி, தொலைவிலுள்ள மலையையும் ஊரையும் காட்டும். இன்றைய அகலத் திரைகளில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரிவதையும் பெரிதாக்கும். கண்ணாடி அணிந்த எனக்கு இது பெரிய உபகாரம். ஆனால் பனியை முற்றிலும் விலக்கிவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விலக்கினால் அத்தீவு உண்மையில் எவ்வளவு சிறியது என்பது வெளிப்பட்டுவிடும். பனி மூடியிருந்தவரையில் ஒருநாள் நடையாகத் தோன்றிய ஊர், இதோ கூப்பிடு தூரத்தில் நிற்கின்றது! மறைத்தவர்கள் வலுவின்மையால் மறைத்தார்கள். ஆனால் மறைப்பே அழகாகவும் அமைந்துவிட்டது. தூரத்தை ஓரளவு கூட்டி, அந்த எல்லையில் சிறிது பனியை விட்டுவைப்பதே நன்று.

இங்கே ஒரு கிளைவழி உண்டு. 2008ஆம் ஆண்டில் தன்னார்வலர்கள் ஓப்பன் எம்.டபிள்யூ. என்னும் முயற்சியைத் தொடங்கினார்கள். விளையாட்டின் பழைய இயந்திரத்தை ஒட்டுப்போடுவதற்குப் பதிலாக, புதிய இயந்திரத்தையே முழுமையாக எழுதுவது அவர்கள் நோக்கம். வண்டிப் பெட்டிகள் பழையவை. எஞ்ஜின் மட்டும் புதிது. அது இலவசம், அதன் மூல எழுத்து யாவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. விண்டோஸில் மட்டுமன்றி லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். ஆனால் விளையாட்டின் கோப்புகளை நாம் விலைகொடுத்து வாங்கியே தீர வேண்டும். ஸ்டீம், ஜி.ஓ.ஜி. ஆகிய கடைகளில் கிடைக்கின்றது. அடிக்கடி விலை குறைத்தும் விற்கின்றார்கள். திருட்டுப் பிரதியைப் பற்றி யாரும் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

பழைய எஞ்ஜினா, புதிய எஞ்ஜினா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். மீட்டர் பாதைப் பெட்டியை அகலப் பாதையில் ஓட்ட முடியாது என்பதை இச்சபையில் நான் விளக்கத் தேவையில்லை. கோட் பேட்சும் எம்.ஜி.இ.யும் பழைய எஞ்ஜினுக்கே உரியவை. எம்.டபிள்யூ.எஸ்.இ. என்னும் துணைக்கருவியை நம்பி எழுதப்பட்ட திருத்தங்கள் புதியதில் ஓடா. புதியதற்கென்று லூவா மொழியில் எழுதப்படுபவை பழையதில் ஓடா. பிழை நீக்கும் ஒட்டுகளும் படங்களும் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். புதிதாகத் தொடங்குகின்றவர்க்கு நான் ஓப்பன் எம்.டபிள்யூ.வையே சிபாரிசு செய்வேன். தடுமாற்றம் குறைவு, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்து, பட்டியலில் வரிசைப்படுத்தினால் போதும்.

அந்த வரிசை என்னும் விஷயம் மிக முக்கியமானது. இதனைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று பலநாள் யோசித்தேன். அலுவலகத்தில் என் மேசையிலேயே விடை இருந்தது. நம் ரயில்வேயின் விதித் தொகுப்புகளுக்குத் திருத்தச் சீட்டுகள் வருகின்றன அல்லவா? எழுத்தர் அவற்றை வரிசை எண் பார்த்து உரிய பக்கத்தில் ஒட்டுகின்றார். ஒரே பத்திக்கு இரண்டு சீட்டுகள் வந்தால் பின்னால் வந்ததே செல்லும். மாரோவிண்டிலும் அப்படியே. ஒரே பொருளை இரண்டு திருத்தங்கள் தொட்டால், வரிசையில் பின்னால் நிற்பதே செல்லும். அதிலும் நுட்பம் ஒன்று உண்டு. முன்னது ஒரு வாளின் விலையை மாற்றியிருக்கும். பின்னது அதே வாளின் எடையை மாற்றியிருக்கும். இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்று நீங்கள் எண்ணுவீர்கள். சேர்ந்துகொள்ளா. பின்னது அந்த வாளின் பதிவு முழுவதையுமே மாற்றி எழுதிவிடும். முன்னது செய்த விலைமாற்றம் இருந்த இடந்தெரியாமல் மறையும். எனவே எதனை அடியில் வைப்பது, எதனை மேலே வைப்பது என்று சிந்திக்க வேண்டும். பிழை நீக்குவது முதலில். பெரிய நிலப்பகுதிகளைச் சேர்ப்பவை அதன்பின். சிறிய, குறிப்பிட்ட மாற்றங்கள் கடைசியில். பழைய எஞ்ஜின் இவ்வரிசையைக் கோப்பின் தேதியைக் கொண்டே அறிகின்றது. 255 கோப்புகளுக்கு மேல் ஏற்றுக்கொள்ளவும் மாட்டாது. புதிய எஞ்ஜினில் அந்த உச்சவரம்பு இல்லை. வரம்பு இல்லாததனால் நிரப்பியே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

அமைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். விளையாட்டை விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் என்னும் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அங்குள்ள கோப்புகளை மாற்ற விண்டோஸ் எளிதில் இடங்கொடாது. வேறு கோப்புறை ஒன்றை அமைத்து அதில் வையுங்கள். எதையும் சேர்க்கும் முன்னர் ஒருமுறை ஆட்டத்தைத் தொடங்கி, சேடா நீனில் இறங்கி, சேமித்து, வெளியே வாருங்கள். பின்னர் அந்தக் கோப்புறை முழுவதையும் அப்படியே படியெடுத்து ஓரமாக வையுங்கள். மூலப் பத்திரம் பெட்டிக்குள் இருக்க, நகலில் எழுதுவதுதான் எழுத்தர் வழக்கம். அதன்பின் ஒரு திருத்தம், ஆடிப் பார்த்தல், மற்றொரு திருத்தம், மீண்டும் ஆடிப் பார்த்தல். பத்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டுக் கணினி நின்றுபோனால், பத்தில் எது குற்றவாளி என்று எந்தப் போலீசும் கண்டுபிடித்துத் தராது.

நெக்சஸ் மாட்ஸ் போன்ற தளங்களிலிருந்து இறக்கும் பொதியைப் பிரித்ததும், உள்ளே 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதனைப் படிக்காமல் மேலே செல்லக் கூடாது. எதனோடு ஒத்துப்போகும், எதனோடு மோதும், எந்தத் துணைக்கோப்பு வேண்டும் என்பன அதிலேயே எழுதப்பட்டிருக்கும். உருவங்களும் படங்களும் அடங்கிய கோப்புறைகள் விளையாட்டின் டேட்டா ஃபைல்ஸ் என்னும் கோப்புறைக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும். ஒரு படி ஆழமாகப் போய்விட்டால் விளையாட்டு அவற்றைக் காணாது. புகார் சொல்லவும் செய்யாது. வேலை செய்யவில்லை என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நோய் இதுவே. மற்றொன்று: ஆட்டத்தின் நடுவில் எதையும் எடுத்துவிடாதீர்கள். சேமித்த ஆட்டம் அந்தத் திருத்தத்தை நம்பி நிற்கும். தூணை உருவினால் கூரை என்னாகும்? என்ன சேர்த்தோம், என்றைக்குச் சேர்த்தோம், எதற்காகச் சேர்த்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 'எதற்காக' என்னும் பத்தியில் எழுத ஒன்றும் தோன்றவில்லையானால், அத்திருத்தம் உங்களுக்கு வேண்டாதது.

முகம் பற்றிய வழக்கு ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் மூத்த மகன், "அப்பா, இந்த ஆட்களின் முகமெல்லாம் மரப்பாச்சிப் பொம்மை மாதிரி இருக்கிறது. புது கேம் மாதிரி அழகான முகங்கள் போடலாமே" என்றான். அவன் சொன்னது உண்மை. 2002இல் அவ்வளவுதான் முடிந்தது. புதிய முகங்களைத் தரும் திருத்தங்கள் பல உள்ளன. இருவரும் அமர்ந்து பார்த்தோம். ஒன்றில், சுரங்கத்தில் உழைக்கும் கிழவனும் சினிமாக் கதாநாயகனைப்போல் இருந்தான். மற்றொன்றில் உடல் புதிது, உடை பழையது. கழுத்தில் இரண்டும் ஒட்டவில்லை. மூன்றாவது, அதே முகம், அதே சுருக்கம், அதே கடுகடுப்பு, வரைந்த கை மட்டும் நுணுக்கமாக இருந்தது. அவனே அதனைத் தெரிந்தெடுத்தான். "ஏனடா அது?" என்று கேட்டேன். "மற்றவை வேறு யாரோ, அப்பா, இதுதான் அதே ஆள்" என்றான். எனக்கு அதற்குமேல் பேச ஒன்றுமிருக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் பெருந்தொகுப்புகளும் உண்டு. ஒரே சொடுக்கில் யாவும் மாறும் என்பார்கள். யாருடைய ரசனை அது, எந்த ஆண்டில் கட்டிய மூட்டை என்று பார்ப்பவர் இல்லை. உள்ளே இருக்கும் திருத்தங்களைச் செய்தவர்கள் பின்னால் அவற்றைச் சீர்செய்திருப்பார்கள். மூட்டைக்குள் பழைய பிழையே கிடக்கும். ஒரு காலத்தில் எல்லாரும் புகழ்ந்த அத்தகைய தொகுப்பு ஒன்றை இன்று அனுபவசாலிகள் வேண்டாம் என்றே சொல்கின்றார்கள்.

இத்தனை திருத்தங்களும் எங்கிருந்து வந்தன என்று தாய்மார்கள் கேட்கலாம். விளையாட்டைச் செய்தவர்கள், தாம் அதனைக் கட்டிய கருவியையே, கன்ஸ்ட்ரக்ஷன் செட் என்ற பெயரில், கணினிப் பதிப்பின் வட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். வீட்டை விற்ற கொத்தனார் தன் கரண்டியையும் மட்டப்பலகையையும் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனதற்கு ஒப்பு இது. அன்றுமுதல் பல நாடுகளின் மக்கள், தத்தம் பிழைப்பு முடிந்த இராவேளையில், கூலியின்றி உழைத்து வருகின்றார்கள். டாம்ரியல் ரீபில்ட் என்னும் கூட்டத்தார் விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே, 2001இல் கூடியவர்கள். மூல விளையாட்டில் இருப்பது ஒரு தீவு மட்டுமே. அதனைச் சுற்றியுள்ள மாரோவிண்ட் மாகாணத்தின் பெருநிலத்தை ஊர் ஊராக, வீடு வீடாக, அவர்கள் கட்டிக்கொண்டு வருகின்றார்கள். பகுதி பகுதியாக வெளியிட்டும் வருகின்றார்கள். தொடங்கியவர்களில் பலர் விலகியிருப்பார்கள். புதியவர்கள் வந்து அதே செங்கல்லை எடுக்கின்றார்கள். அங்கும் அம்புக்குறி கிடையாது. அங்கும் ஊராரை விசாரித்தே வழி தேட வேண்டும். மூலத்தின் மனத்தை அறிந்து கட்டுகின்றவர்கள் அவர்கள். சேர்ப்பதென்றால் இதனைச் சேர்க்கலாம். ஆனால் தீவை நன்கு சுற்றிப் பார்த்த பிறகு.

திருத்தங்களை விலைக்கு விற்கும் முயற்சியும் நடந்ததுண்டு. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் என்னும் பிந்திய விளையாட்டுக்கு ஸ்டீம் கடையில் அத்தகைய விற்பனை தொடங்கியது. ஆடுபவர்களின் எதிர்ப்பினால் சில நாட்களுக்குள் கைவிடப்பட்டு, பணமும் திருப்பித் தரப்பட்டது. 2017இல் வேறு வடிவில் அது மீண்டும் வந்தது. அதன் நியாய அநியாயங்கள் நீண்ட பேச்சு. மாரோவிண்டைப் பொறுத்தவரையில் நான் சொன்ன யாவும் இலவசமாகவே கிடைக்கின்றன. செய்தவர்க்கு நாம் தரக்கூடியது, அவர் எழுதிய குறிப்பைப் படிப்பதும், பிழை கண்டால் இன்ன இடத்தில் இன்னது நேர்ந்தது என்று மரியாதையாகத் தெரிவிப்பதுமே. "வேலை செய்யவில்லை" என்று இரண்டே சொல் எழுதிவிட்டுப் போகின்றவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகின்றது. அலுவலகத்தில் அப்படி ஒரு மனு வந்தால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது?

பெற்றோர் சிலர், இவையெல்லாம் படிக்கும் பிள்ளைக்கு ஆகுமா என்று கவலைப்படுகின்றனர். நேரக்கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். மாரோவிண்டில் வாய்ப்பேச்சு மிகக் குறைவு, பெரும்பாலும் எழுத்துதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தே என் ஆங்கிலம் வளர்ந்தது. மேலதிகாரிக்குக் குறிப்பெழுதும் அளவுக்கு வளர்ந்தது. எழுத்துக்குப் பதிலாகக் குரலைப் பொருத்தும் திருத்தங்களும் இப்போது வந்திருக்கின்றன. கண் பார்வை குறைந்தவர்க்கு அவை வரப்பிரசாதம். கண் உள்ள பிள்ளை படிக்கட்டும்.

சிற்றுண்டிக்குப் பின்னர், சங்கத்தின் நூல்நிலைய அறையில் என் கணினியை வைத்திருப்பேன். ஒருபுறம் 2002இல் வந்தபடியே மூல விளையாட்டு. மறுபுறம் நான் சொன்ன நான்கைந்து திருத்தங்களோடு அதே சேடா நீன். இரண்டையும் அருகருகே பார்த்து, எது எந்த இடத்தில் மாறியிருக்கின்றது என்று பிள்ளைகள் எனக்குச் சொல்ல வேண்டும். பூச்சி வண்டியில் ஏறிப் பார்க்க விரும்பும் பாட்டிமாருக்கு முன்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கின்றது.